மலாவியில் கிராமப் போதகர் பயிற்சி: போக நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

வெளிநாட்டுக் கிராமங்களில் போதகர்களுக்கு வேதம் கற்றுக்கொடுக்கும் ஊழியத்துக்கு அழைக்கப்பட்டதாக உணரும் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்காக எழுதியது இது. நாட்டுக்கு நாடு பயிர், மொழி, சட்டம் எல்லாமே மாறும். ஆகவே பொதுப்படையாகப் பேசாமல் தென்கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள மலாவியை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அங்கே ஏற்கெனவே சபைகள் நிறைய இருக்கின்றனவே, நாம் எதற்கு?

நியாயமான கேள்வி. ஸ்காட்லாந்து மிஷனரிகள் மலாவி ஏரிக்கரையில் வந்து இறங்கியது 1875இல். தென்னாப்பிரிக்க டச்சுச் சீர்திருத்தச் சபையார் 1889இல் ம்வேராவில் பணி தொடங்கினார்கள். ஸ்காட்லாந்தியர் தொடங்கிய லிவிங்ஸ்டோனியா, பிளான்டயர் சபைகள் 1924இல் ஒன்றாகி, 1926இல் டச்சுச் சபையாரின் ன்கோமாவும் சேர்ந்து, மத்திய ஆப்பிரிக்க பிரெஸ்பிட்டேரியன் சபை உருவானது. ஆகவே அங்கே போய்ச் சுவிசேஷத்தை நாம்தான் முதலில் சொல்கிறோம் என்ற எண்ணத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட வேண்டும். ஜோம்பாவிலும் ன்கோமாவிலும் நல்ல இறையியல் கல்லூரிகள் இருக்கின்றன.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. அபிஷேகம் பெற்ற ஒரு போதகரின் பொறுப்பில் பல ஜெபவீடுகள் இருக்கும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அவரால் எல்லா இடத்துக்கும் சைக்கிள் மிதிக்க முடியாது. அதனால் பெரும்பாலான வாரங்களில் பிரசங்க மேடையில் நிற்பவர் ஒரு மூப்பர். வாரம் முழுக்க மக்காச்சோளக் காட்டில் நின்றவர். சுயாதீனச் சபைகளிலோ தலைமைப் போதகரே அப்படித்தான். திருநெல்வேலிப் பக்கத்து உபதேசியார்களை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புரியும். கல்லூரிக்குப் போகவே முடியாத இவர்களுக்குத்தான் பயிற்சி. கல்லூரிக்குப் போட்டியாக எதையும் தொடங்க வேண்டாம்.

எனக்கு அழைப்பு உண்டு என்று எப்படி உறுதிப்படுத்துவது?

உள்ளத்தில் எழும் ஏவுதலை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது பாதி அழைப்புதான். அப்போஸ்தலர் 13இல் அந்தியோகியா சபை கை வைத்து அனுப்பியது. அதே நடபடிகளில், 16ஆம் அதிகாரத்தில், மக்கெதோனியாவிலிருந்து ‘வந்து உதவி செய்’ என்ற குரலும் வந்தது. அனுப்புகிறவர், கூப்பிடுகிறவர் இருவருமே வேண்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு. உங்கள் ஊரில் ஞாயிறு பள்ளி ஆசிரியரையோ கிராம ஊழியரையோ நீங்கள் பயிற்றுவித்து, அவர் இன்று நீங்கள் இல்லாமலே வேறொருவருக்குக் கற்றுக்கொடுக்கிறாரா? 2 தீமோத்தேயு 2:2இல் பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனுஷர், அவர்கள் போதிக்கும் மற்றவர்கள் என்று நான்கு தலைமுறை வருகிறது. இங்கே இரண்டாம் தலைமுறையையே பார்க்காதவர் அங்கே போனால் நல்ல பிரசங்கியாகத் திரும்பி வருவார். பயிற்சியாளராக வரமாட்டார். அது தனி வரம்.

அழைப்புக் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

யார் யாருக்குப் பயிற்சி, எத்தனை பேர், எந்த மொழி, எந்தப் பகுதி வேதத்தில் உதவி தேவை, சாப்பாட்டில் சபையின் பங்கு என்ன, நீங்கள் போன பிறகு அதே பாடத்தை நடத்தப்போகிற உள்ளூர் ஆட்கள் யார். ‘வந்து எங்களை ஆசீர்வதியுங்கள்’ என்று மட்டும் இருந்தால் மறுபடி எழுதிக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் வராதவரை டிக்கெட் எடுக்க வேண்டாம். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால், இந்தக் கடிதத்தோடு உங்கள் பயணத்தின் நோக்கத்தை உள்ளது உள்ளபடி குறிப்பிட்டு விண்ணப்பியுங்கள். நீண்ட காலம் தங்கிப் பணி செய்ய அங்குள்ள சபையே குடிவரவுத் துறையிடம் அனுமதி கேட்க வேண்டும். சுற்றுலா விசாவில் போய் வகுப்பெடுத்தால் மாட்டிக்கொள்வது நீங்கள் மட்டுமல்ல, கூப்பிட்ட போதகரும்தான்.

ஆங்கிலம் போதாதா?

ஆட்சி மொழி ஆங்கிலம். லிலோங்வே, பிளான்டயர் நகரங்களில் அது போதும். கிராமத்தில் போதாது. மத்தியிலும் தெற்கிலும் சிச்சேவா, வடக்கே சித்தும்புகா. தென்கிழக்கில் யாவோ மக்கள் சியாவோ பேசுகிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள்.

மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசும்போது 60 நிமிடத்தில் உங்களுக்குக் கிடைப்பது 25 நிமிடம். பாடத்தைப் பாதியாக வெட்டாமல் போகிறவர்கள்தான் வெள்ளிக்கிழமை காலையில் ஓட்டமாக ஓடுகிறார்கள். குறிப்பை இரண்டு வாரம் முன்பே மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்புங்கள். ஒரு மூச்சில் ஒரு வாக்கியம். சிலேடை, எதுகை, ‘பா’வில் தொடங்கும் மூன்று குறிப்புகள் எல்லாம் அங்கே செத்துப்போகும்.

நமக்கு இன்னொரு சிக்கல். நம் சபைத் தமிழ் ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து சிச்சேவாவுக்குப் போகிறது. ‘இந்த ஜனங்களுக்காக எனக்கு ஒரு பாரம்’ என்கிறோம். அது ஆங்கிலத்தில் சுமையாகி, மொழிபெயர்ப்பாளர் அசந்தால் ‘கதுண்டு’ ஆகிவிடும். கதுண்டு என்றால் மூட்டை முடிச்சு, பயணச் சாமான். ஐயா தன் பெட்டியைப் பற்றி ஏதோ கவலைப்படுகிறார் என்று வகுப்பு நினைத்துக்கொள்ளும். ‘இவர்களுக்காக ஜெபிக்காமல் என்னால் இருக்க முடியவில்லை’ என்று உடைத்துச் சொன்னால் எந்த மொழியிலும் நிற்கும்.

ஆனால் தமிழருக்குக் கைகொடுக்கும் இடங்களும் உண்டு. ‘ம்புசா’ என்றால் மேய்ப்பர். ஒரே ஒருவரைக் கூப்பிட்டாலும் மரியாதைக்காகப் பன்மையில் ‘அபுசா’ என்பார்கள். ‘அவர்’, ‘நீங்கள்’ என்று பன்மையை மரியாதைக்குப் பயன்படுத்தும் நமக்கு இது இயல்பாக வரும். பரிசுத்த ஆவியை ‘ம்சிமு வொயேரா’ என்பார்கள். அதே ‘ம்சிமு’தான் செத்துப்போன முன்னோரின் ஆவிக்கும், பன்மையில் ‘மிசிமு’. தமிழிலும் பரிசுத்த ஆவிக்கும் பேய் பிசாசு ஆவிக்கும் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். இந்த ஒற்றுமையைச் சொல்லி ரோமர் 8ஐ எடுத்தால், ஆங்கிலத்திலிருந்து வருகிறவருக்குக் கிடைக்காத ஒரு வாசல் திறக்கும்.

ஆறு மாதமாவது சிச்சேவா படியுங்கள். ‘முலி ப்வான்ஜி’ (நலமா), ‘ண்டிலி ப்வினோ’ (நலம்), ‘சிகோமோ’ (நன்றி) என்பதோடு நிற்காமல், வேதாகமத்தைச் சத்தமாக வாசிக்கிற அளவுக்கு. 1922இல் வந்த ‘புக்கு லோபத்துலிகா’, 1998இல் வந்த எளிய மொழிபெயர்ப்பான ‘புக்கு லொயேரா’ இரண்டும் கைவசம் இருக்கட்டும். வகுப்பில் இரண்டும் கலந்துதான் இருக்கும். வார்த்தை வேறுபடும் வசனங்களை முன்கூட்டியே குறித்து வைக்காவிட்டால் அரைமணி நேரம் அங்கேயே போய்விடும்.

எந்த மாதங்களில் நடத்தலாம்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை. மழை நவம்பரில் தொடங்கி ஏப்ரல்வரை நீளும். முதல் மழைக்கே விதைக்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் களையெடுப்பு. ஜனவரியிலிருந்து மார்ச்வரை போன ஆண்டுத் தானியம் தீர்ந்துபோய் வீடுகளில் பசி. அந்த நேரத்தில் ஐந்து நாள் வா என்றால், சாப்பாடு கிடைக்கும் என்பதற்காக வருவார்கள், அல்லது காட்டை விட்டுவிட்டு மனக்கலக்கத்தோடு வருவார்கள். மண்பாதையில் வண்டியும் ஓடாது. 2023 மார்ச்சில் பிரெடி புயல் தென் மாவட்டங்களை உருக்குலைத்ததையும் மறக்க வேண்டாம். ஏப்ரல், மே அறுவடை. நம் ஊர்க் கோடை விடுமுறைக்குத் தோதாக மே மாதம் பிடிவாதம் பிடிப்பது குழுக்கள் செய்யும் வழக்கமான தவறு.

வாரக் கணக்கும் முக்கியம். திங்கள் பிற்பகல் தொடங்கி வெள்ளி நண்பகல் முடியுங்கள். வெள்ளி இரவுக்குள் அவர்கள் வீடு சேர வேண்டும், ஞாயிறு பிரசங்கம் காத்திருக்கும்.

ஒரு நாள் வகுப்பு எப்படி இருக்கும்?

24 பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். ஒரு நாளைக்கு 75 நிமிடமாக நான்கு அமர்வு போதும். காலையில் வணக்கம் சொல்லி முடிக்கவே நேரமாகும், அதை வீண் என்று எண்ண வேண்டாம். முதல் நாள் ஊர்த் தலைவரை, ‘அம்ஃபுமு’வை, போய்ப் பார்த்து வணங்கிவிட்டுத்தான் கரும்பலகையைத் தொட வேண்டும்.

முதல் அமர்வில் ஒரு வேதபகுதியை இரண்டு முறை சத்தமாக வாசித்து, புத்தகத்தை மூடிவிட்டு ஒருவர் அதைக் கதையாகத் திரும்பச் சொல்வார். விட்டதை மற்றவர்கள் சேர்ப்பார்கள். வாசிப்பில் தடுமாறுகிறவர்கள் இந்த இடத்தில் மற்றவர்களை மிஞ்சிவிடுவதைப் பார்க்கலாம். இரண்டாம் அமர்வு: இந்தப் பகுதி என்ன சொல்கிறது, முன்னும் பின்னும் என்ன இருக்கிறது, முக்கியக் கருத்து ஒரே வாக்கியத்தில். மூன்றாவது: நம் ஊரில் இதற்கு என்ன பொருள். நான்காவதுதான் உயிர். ஆறு ஆறு பேராக நான்கு குழு. ஒருவர் ஏழு நிமிடம் பிரசங்கிக்க, ஐந்து நிமிடம் மற்றவர்கள் கருத்துச் சொல்லுவார்கள். ஆறு பேருக்கு 72 நிமிடம். ஒரே வகுப்பாக வைத்தால் இதற்கே ஐந்து மணி நேரம் பிடிக்கும்.

விமர்சனத்துக்கு இரண்டே கேள்வி: அவர் சொன்னது இந்தப் பகுதியில் இருக்கிறதா? கேட்ட ஒரு பாட்டிக்குப் புரிந்திருக்குமா? பதவியில் மூத்தவரை இளையவர் எல்லார் முன்பும் குறைசொல்ல மாட்டார். ஆகவே குழு பிரிக்கும்போது வயதொத்தவர்களை ஒன்றாகப் போடுங்கள்.

புரொஜெக்டர் வேண்டாம். மின்சாரம் இல்லை என்பது ஒரு காரணம். இருந்தாலும், ஜன்னலுக்குக் கதவில்லாத ஆலயத்தில் பகல் வெளிச்சத்தில் திரையில் எதுவும் தெரியாது. அதைவிட, புரொஜெக்டர் வைத்து நடத்திய பாடத்தை அவர்கள் தங்கள் ஊரில் திரும்ப நடத்த மாட்டார்கள். ‘எங்களிடம் அந்தப் பெட்டி இல்லை’ என்பார்கள். கறுப்பு வர்ணம் அடித்த பலகை, சாக்பீஸ், தடிமனான பேனா, இவ்வளவுதான்.

என்ன பாடம் எடுப்பது?

முதல் வாரத்துக்கு ரூத் புத்தகத்தைப் பரிந்துரைக்கிறோம். நான்கு அதிகாரம், 85 வசனம், நான்கு நாளில் முடியும். பஞ்சம், ஊர்பெயர்தல், விதவை, கதிர் பொறுக்குதல் எதுவும் விளக்க வேண்டியதில்லை, அவர்கள்தான் உங்களுக்கு விளக்குவார்கள். சிச்சேவா பேசும் சேவா இன மக்கள் தாய்வழிச் சமுதாயம். ‘சிகம்வினி’ வழக்கப்படி மாப்பிள்ளைதான் மனைவியின் ஊருக்குக் குடிபோவார், குடும்பத்தில் தாய்மாமன் சொல்லுக்கு எடை அதிகம். ஆகவே மருமகள் மாமியாரின் ஊருக்குப் போகிறாள் என்ற இடத்தில் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். அடுத்து மாற்கு, பிறகு யாக்கோபு.

அதற்குப் பிறகு, கிராமப் போதகரின் வாரத்தை உண்மையில் எது நிரப்புகிறதோ அது. முதலிடம் சாவுக்கு. ‘மலிரோ’ என்றால் ஊரே வேலையை நிறுத்திவிட்டுப் போகும். பயிற்சியின் நடுவில் சாவு விழுந்தால் உங்கள் வகுப்பும் நிற்கும், நீங்களும் போய்த் தரையில் உட்கார வேண்டும். இதற்காகவே கால அட்டவணையில் அரை நாளைக் காலியாக வையுங்கள். குழி வெட்டும் ‘அட்சுக்குலு’ கூட்டம், முகமூடி ஆட்டமான ‘குலே வம்குலு’வை ஆடும் ன்யாவ் சங்கம், கிறிஸ்தவர் அடக்கத்தில் இவர்களுக்கு என்ன இடம் என்பதெல்லாம் சபைகளைப் பிளந்த கேள்விகள். குலே வம்குலுவை 2005இல் யுனெஸ்கோ மானுடப் பாரம்பரியமாக அறிவித்திருக்கிறது. சபைகளோ நெடுங்காலமாக அதை எதிர்த்து வந்திருக்கின்றன. வெளியாள் இதில் தீர்ப்புச் சொல்லக் கூடாது. 1 தெசலோனிக்கேயர் 4ஐ எடுத்து நடத்திவிட்டு, முடிவை அவர்கள் பேச விடுங்கள்.

சூனியப் பயம் அடுத்தது. குழந்தை செத்தால், மழை தவறினால், தனியாக வாழும் ஒரு கிழவி மேல் பழி விழும். ஒருவரைச் சூனியக்காரர் என்று குற்றஞ்சாட்டுவதே மலாவியில் 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது பல போதகர்களுக்கே தெரியாது. ‘அதெல்லாம் மூடநம்பிக்கை’ என்று ஒரு வரியில் தள்ளினால் அவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, பிரச்சினை வந்ததும் ‘சிங்ஆங்கா’வான நாட்டு வைத்தியரிடம் போவார்கள். பயத்தைப் பயமாக ஒப்புக்கொண்டு, கொலோசெயர் 2:15ஐ வைத்து, ‘அந்தக் கிழவி வீட்டுக்கு நீங்கள் முதலில் போவீர்களா?’ என்று கேட்பதுதான் பாடம்.

ஆசீர்வாத உபதேசத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், நமக்கும் பழக்கமானதுதான். பசி மாதங்களில் ‘விதை காணிக்கை’ கேட்பவர் உண்டு. 2 கொரிந்தியர் 9 எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த காணிக்கையைப் பற்றியது என்று 8ஆம் அதிகாரத்தோடு சேர்த்து வாசிக்க வைத்தாலே பாதிக் காற்று இறங்கிவிடும்.

சாப்பாட்டுக்கு எவ்வளவு கணக்கு?

24 பேர் என்றால் சமையல்காரர், ஆசிரியர், கைக்குழந்தையோடு வருகிறவர் எல்லாம் சேர்த்து 40 வாய். மக்காச்சோள மாவில் கிண்டும் ‘ன்சிமா’தான் சாப்பாடு. கேழ்வரகுக் களி உருட்டித் தின்றவருக்கு அது அந்நியமில்லை. கையால் சாப்பிடுவதும், சாப்பிடும் முன் கையில் தண்ணீர் ஊற்றுவதும் நம் வழக்கமே. ஒரு வேளைக்கு ஆளுக்குக் கால் கிலோ மாவு, இரண்டு வேளை. நாளைக்கு 20 கிலோ, ஐந்து நாளைக்கு 100 கிலோ. காலைக் கஞ்சியான ‘ஃபலா’வுக்கு இன்னும் 10 கிலோ. பீன்ஸ் நாளைக்கு 4 கிலோ, மறுவேளைக்குக் கீரையோ ‘உசிபா’ என்கிற பொடிமீன் கருவாடோ. சர்க்கரை மொத்தம் 10 கிலோ. கடைசி நாளுக்கு ஒரு ஆடு.

விருந்தாளிகளுக்குத் தவிடு நீக்கிய வெள்ளை மாவுதான் மரியாதை. ஆகவே 100 கிலோ மாவுக்கு 140 கிலோவாவது சோளம் வாங்க வேண்டும். அறுவடை முடிந்த மே, ஜூனில் வாங்கினால் மலிவு. 2023 நவம்பரில் மலாவி தன் நாணயமான குவாச்சாவின் மதிப்பைக் குறைத்ததில் டாலரின் விலை 44 சதவீதம் ஏறியது. ஓராண்டுக்கு முன் போட்ட பட்ஜெட்டை அப்படியே எடுத்துக்கொண்டு போகாதீர்கள். சோளத்தையும் விறகையும் உள்ளூர் சபைகளே தரட்டும். அவர்களால் முடியும். தந்தால் பயிற்சி அவர்களுடையதாகிறது.

வருகிறவர்களுக்குப் படி கொடுக்கலாமா?

மலாவியில் பயிற்சி என்றாலே ‘அலவன்ஸ்’ எதிர்பார்ப்பு உண்டு. தொண்டு நிறுவனங்கள் பல ஆண்டுகளாகப் பழக்கியது. கொடுத்தால் அதே ஐந்து பேர் எல்லாப் பயிற்சிக்கும் வருவார்கள், தலைவரின் உறவினர்கள் பட்டியலில் ஏறுவார்கள். மினிபஸ், சைக்கிள் டாக்சிக்கான உண்மைச் செலவை மட்டும், தொகையை முன்பே அறிவித்து, கடைசி நாளில் எல்லார் கண்முன் கொடுங்கள். கைபேசிப் பணச் சேவைகளான ‘ஏர்டெல் மணி’ அல்லது ‘டிஎன்எம் ம்பாம்பா’வில் அனுப்பினால் கணக்கும் இருக்கும்.

இந்தியாவிலிருந்து சபைப் பணத்தை அனுப்பலாமா?

தனிநபர் தன் பணத்திலிருந்து ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர்வரை ரிசர்வ் வங்கியின் தாராள அனுப்பீட்டுத் திட்டத்தில் அனுப்பலாம். டிரஸ்ட் விஷயம் வேறு. அறக்கட்டளை தன் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவழித்தால், மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் அந்தத் தொகைக்கு வருமான வரி விலக்கு கிடையாது. வெளிநாட்டு நன்கொடையாக வந்த பணத்தையோ, 2020 திருத்தத்துக்குப் பின், இன்னொருவருக்கு மாற்றவே கூடாது. ஆடிட்டரிடம் பயணத்துக்கு முன்பு கேளுங்கள். போய்வந்த பிறகு கேட்டால் அவரால் செய்ய ஒன்றுமில்லை.

உடல்நலத்துக்கு என்ன முன்னேற்பாடு?

அடிஸ் அபாபா, நைரோபி வழியாகத்தான் பல விமானங்கள் போகின்றன. எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகள், அதனால் தடுப்பூசி வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஊசி போடுகிறார்கள். போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுள் முழுக்க. கடைசி வாரம் ஓடாதீர்கள். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள்வரை தனிமைப்படுத்த முடியும்.

மலேரியாவை ‘நம்ம ஊரில் இல்லாததா’ என்று எடுத்துக்கொள்வது ஆபத்து. அங்கே இருப்பது பெரும்பாலும் ஃபால்சிபாரம், மூளையைத் தாக்கும் வகை. டாக்சிசைக்ளின் எடுப்பவர் ஊர் திரும்பி நான்கு வாரம்வரை தினமும் தொடர வேண்டும், அட்டோவாக்குவோன்–புரோகுவானில் என்றால் ஏழு நாள். எது உங்களுக்கு ஒத்துவரும் என்பதை மருத்துவர் சொல்லட்டும். திரும்பி வந்து சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால் ‘ஆப்பிரிக்கா போய்வந்தேன்’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லி, அன்றே இரத்தப் பரிசோதனை. மலாவி ஏரி அழகானது. கரையில் நத்தை வழியாகப் பரவும் பில்ஹார்சியா உண்டு, காலை நனைக்காமல் பார்த்து ரசியுங்கள்.

பெண்கள் போகலாமா?

கட்டாயம். ன்கோமாவில் ‘சிக்விரிசானோ’, பிளான்டயரில் ‘ம்வானோ’, லிவிங்ஸ்டோனியாவில் ‘உமன்யானோ’ என்று பெண்கள் சங்கங்கள் சபையின் முதுகெலும்பு. போதகரின் மனைவியைக் கூப்பிடாத பயிற்சி அரைப் பயிற்சி. புடவை சங்கடமில்லை. சுடிதார் என்றால் மேலே ‘சித்தேஞ்சே’ துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். ஆண்கள் நாற்காலியிலும் பெண்கள் பாயிலும் உட்கார்ந்தால், ஆசிரியையும் பாயிலேயே உட்கார்ந்து நடத்தலாம், யாரையும் எழுப்ப வேண்டாம்.

சான்றிதழ்?

கேட்பார்கள். மூன்று ஆண்டுப் பாடத்தை முடித்தவருக்கு, அழைத்த சபையின் பெயரில் கொடுங்கள். ‘டிப்ளமோ’ என்று அச்சடிக்காதீர்கள், அதற்கு உங்களுக்கு உரிமையில்லை.

இரண்டு பயிற்சிக்கு நடுவில் என்ன?

இடைக்காலம்தான் உண்மையான பயிற்சி. 1963இல் குவாத்தமாலாவில், ஊரை விட்டு வர முடியாத தலைவர்களுக்காக ஒரு பிரெஸ்பிட்டேரியன் செமினரி தன் பாடங்களையே ஊருக்குக் கொண்டுபோனது: வீட்டில் படிப்பு, வாரம் ஒரு சந்திப்பு. இந்தியாவில் 1971 முதல் டாஃப்டீ (TAFTEE) என்ற இறையியல் விரிவுக் கல்விச் சங்கம் அதையே செய்கிறது. மலாவியிலும் ஜோம்பாவை மையமாகக் கொண்டு இப்படிப்பட்ட விரிவுக் கல்வி உண்டு. அவர்கள் பாடநூல் இருக்கும்போது புதிதாக எழுத வேண்டாம். ஐந்தாறு பேர் மாதம் இருமுறை ஒரு மரத்தடியில் கூடி, அடுத்த இரண்டு ஞாயிறுக்கான பகுதியைச் சேர்ந்து படித்தால் போதும். ஸ்மார்ட்போன் ஒருவரிடம் இருந்தால் அவர் வாட்ஸாப்பில் குரல்பதிவு அனுப்பட்டும். மூன்று நிமிடத்துக்கு மேல் நீங்கள் பதில் பேசாதீர்கள், டேட்டா அவர் காசு.

எத்தனை ஆண்டு போக வேண்டும்?

ஆண்டுக்கு இரண்டு வாரமாக மூன்று ஆண்டு. முதலாண்டு நீங்கள் நடத்துங்கள். இரண்டாம் ஆண்டு பாதி அமர்வை உள்ளூர் ஆசிரியர்கள் சிச்சேவாவில் நடத்த, மொழிபெயர்ப்பாளர் உங்கள் காதில் ஆங்கிலத்தில் சொல்லட்டும். மூன்றாம் ஆண்டு நீங்கள் பின்வரிசையில். அப்போது ஒரு அமர்வில் தவறான விளக்கம் வந்து, நீங்கள் எழுந்திருக்கும் முன்பே இன்னொரு மூப்பர் கையைத் தூக்கி ‘அடுத்த வசனத்தை வாசியுங்கள்’ என்றால், நான்காம் ஆண்டுக்கு டிக்கெட் பார்க்க வேண்டியதில்லை.